பின்சீட்டுச் சல்லடை

"நீ ஏதாவது பாத்தியா?" என்று அத்தான் என்னிடம் கேட்டார்.

அப்போது எதுவும் நடந்திருக்கவில்லை. குறைந்தபட்சம், நடந்ததாக எனக்குத் தெரியாது. நான் துண்டு அறையில் உட்கார்ந்து, காய்ந்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் வந்து நின்றார். இரண்டு கைகளிலும் ஷாம்பு நுரை. அது முழங்கை வழியாக வழிந்து தரையில் சொட்டியது. என் முகத்தைப் பார்த்து அவர் கேட்கவில்லை. என் தலைக்கு மேல் இருந்த ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்.

நான் இல்லையென்று தலையாட்டினேன். யார் எதைக் கேட்டாலும் முதலில் தலையாட்டிவிடுவது என் பழக்கம். பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோதும் அப்படித்தான் ஆட்டினேன். அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. அத்தான் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பினார். மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தவர் விடுகிற மூச்சு என்று எனக்குப் பட்டது.

நான் பார்த்திருக்கக் கூடாதது அப்படி என்ன? மடித்த துண்டைப் போட்டுவிட்டு ஜன்னலருகே போனேன்.

எங்களுடையது கார் கழுவும் கொட்டகை. கீழே கொட்டகை, மேலே வீடு. வெளிப்பக்கத்தில் வண்டிகளைக் குழாயால் பீய்ச்சியடித்துக் கழுவுவார்கள். அந்த வேலையைச் செய்கிறவரை எல்லோரும் மழை என்றுதான் கூப்பிடுவோம். அவர் நிற்கிற இடத்தில் தரை காய்ந்து யாரும் பார்த்ததில்லை. உள்பக்கம் அத்தானுடையது. தூசி உறிஞ்சுவது, சீட்டுக்கு ஷாம்பு போட்டுத் தேய்ப்பது, கண்ணாடி துடைப்பது எல்லாம் அங்கே. வாசலுக்குப் பக்கத்து மேசையில் அக்கா உட்கார்ந்து பில் போடுவாள். அப்பாவுக்கென்று தனி இடம் கிடையாது, எல்லா இடத்திலும் அவர்தான். என் அறைக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே, துண்டு எடுத்துக் கொடுப்பதற்காக அந்த ஜன்னல்.

ஜன்னல் வழியே பார்த்தால் நீச்சல் டீச்சருடைய சாம்பல் நிறக் கார் நின்றது. பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடுகிற ஹைப்ரிட் வண்டி. அத்தான் பின்கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, சூடான காற்றடிக்கும் மெஷினைப் பிடித்துக்கொண்டிருந்தார். சீட்டு முழுக்க நனைந்து கிடந்தது. ஆனால் அவர் சீட்டைக் காயவைக்கவில்லை. சீட்டின் ஓரத்தில், கதவுப் பக்கமாக, உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் சல்லடை இருக்கிறது. அதற்குள்தான் காற்றடித்துக்கொண்டிருந்தார். நடுநடுவே தலையை வெளியே எடுத்து, அப்பா வருகிறாரா என்று பார்த்துக்கொண்டார்.

வேறு நாளாக இருந்தால் இதை நான் ஒரு பொருட்டாக நினைத்திருக்கமாட்டேன். ஆனால் போன மாதம் ஒரு வக்கீலின் வண்டியில் அத்தான் கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு ஏற்றாமல் விட்டுவிட்டார். அதைக் கவனிக்காமல் மழை குழாயைத் திருப்ப, சீட்டில் கிடந்த காகிதமெல்லாம் கூழாகிவிட்டது. வக்கீல் கத்தியதைவிட அப்பா கத்தியதுதான் அதிகம்.

"இன்னொரு தடவ உன்னால எவன் வண்டிக்குள்ளயாவது தண்ணி போச்சுன்னு வை, நீயும் உன் பொண்டாட்டியும் வேற எடம் பாத்துக்குங்க."

உன் பொண்டாட்டி என்று அவர் சொன்னது தன்னுடைய சொந்த மகளை. அக்கா அப்போது மேசையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அத்தான் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியதால்தான் எங்கள் கொட்டகைக்கு வந்தார். அவர்களுக்கு வேறு இடம் கிடையாது என்பது அப்பாவுக்கும் தெரியும். அம்மா இல்லாத இந்த வீட்டில் நான் வாய்திறந்து பேசுகிற ஒரே ஆள் அக்காதான். அவள் போய்விட்டால் எனக்குப் பேச்சே மறந்துபோகும்.

அன்றிலிருந்து நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அத்தானைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் பிற்பகல் நீச்சல் டீச்சர் திரும்பி வந்தார். ஆள் நல்ல உயரம். குளத்தின் இந்தக் கரையில் நின்று பேசினால் அந்தக் கரையில் இருக்கிறவர்களுக்குக் கேட்கிற குரல்.

"நேத்து இங்க விட்டப்ப நல்லா இருந்த வண்டி. இன்னிக்குக் காலையில இருந்து ஸ்டியரிங் முன்னாடி ஒரு முக்கோணம் எரியுது. உள்ள ஒரு ஆச்சரியக்குறி வேற. என்ன ஆச்சரியம்னு எனக்குத் தெரியணும்."

"முக்கோணம்னா ஒண்ணுமில்ல மேடம்," என்றார் அப்பா. "என்னையும் கொஞ்சம் கவனிங்கன்னு வண்டி கேக்குது. அவ்வளவுதான்."

"உள்ள தண்ணி ஏதாவது போச்சா?"

"நம்ம கொட்டகையிலயா? இங்க தண்ணி நான் சொன்ன எடத்துல நிக்கும் மேடம்."

மழை ஏதோ இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்பா விடவில்லை. "நான் கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. நீங்க குளத்துல இருந்து பிள்ளைங்கள அப்படியே ஏத்திட்டு வர்றீங்க. ஈரத் துண்டு, ஈர டவுசர், ஈரத் தலை. உங்க பின்சீட்டே ஒரு குட்டிக் குளம். அத விட்டுட்டு எங்களக் கேக்குறீங்களே?"

"என் பிள்ளைங்க நல்லா துவட்டிட்டுத்தான் ஏறுவாங்க."

"அவங்க துவட்டுனத நீங்க பாத்தீங்களா?"

டீச்சர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். அப்பா அத்தானைப் பார்த்தார். அத்தான் ஏற்கெனவே சுற்றி வைத்திருந்த தூசி மெஷின் குழாயைப் பிரித்து, மறுபடி முதலிலிருந்து சுற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கொட்டகையில் அந்த நேரத்தில் யாரும் யாரையும் நம்பவில்லை என்பது எனக்கு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தே தெரிந்தது.

அப்பா டிக்கியைத் திறந்து, அங்கே இருந்த சின்ன பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றினார். கொஞ்ச நேரம் சும்மா நின்றார். திரும்ப மாட்டினார். முக்கோணம் அணைந்துவிட்டது.

"பாத்தீங்களா? கோவம் தணிஞ்சிடுச்சு."

"சரி பண்ணுனீங்களா, இல்ல அணைச்சீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம்."

டீச்சர் அரை மனதோடு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அது தெருமுனை திரும்பும் வரை சிரித்துக்கொண்டே நின்ற அப்பா, திரும்பியதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "மாப்பிள்ளை, இப்படி வா" என்று அத்தானைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அப்பாவின் விரல் மேலும் கீழும் போய்வந்ததும், அத்தான் இல்லை இல்லையென்று தலையாட்டியதும் மட்டும் தெரிந்தன. இல்லையென்று தலையாட்டுவதற்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியாதா?

அந்த வாரமே கார் மறுபடி வந்தது. இந்த முறை இழுவை லாரியின் முதுகில் ஏறி வந்தது. டீச்சர் லாரி ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டிலிருந்து குதித்து இறங்கினார்.

"நடு ரோட்டுல நின்னு போச்சு. பின்னாடி என் பிள்ளைங்க. அதுக்குப் பின்னாடி ஒரு லாரி. எவ்வளவு பக்கத்துல வந்து நின்னுச்சு தெரியுமா? லாரிக்காரன் மூஞ்சில வேர்த்தது எனக்குக் கண்ணாடில தெரிஞ்சுது!"

அப்பா வாயைத் திறந்தார். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க பேசாதீங்க. கார் கம்பெனி ஆளுக்குச் சொல்லியாச்சு. நாளைக்குக் காலையில இங்கயே வந்து, உங்க கண்ணு முன்னாடியே தொறந்து பாப்பாரு. அதுவரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும். யாரும் தொட வேணாம்."

அவர் போனதும் அப்பா ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்கவில்லை.

"அவன் வந்து தொறக்குறதுக்கு முன்னாடி நாம தொறந்து பாத்துருவோம். ஈரம் இருந்தா காத்தடிச்சுக் காய வச்சிடலாம். மாப்பிள்ளை, சீட்டத் தூக்கு."

அத்தான் பின்சீட்டைத் தூக்கி எடுத்து வெளியே வைத்தார். அடியில் பெரிய பேட்டரி வைத்த தகரப் பெட்டி இருந்தது. அதிலிருந்து விரல் மொத்தத்தில் ஆரஞ்சு நிற ஒயர்கள் கிளம்பி முன்பக்கமாகப் போயின. சல்லடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர். அதில் ஒரு டம்ளர் படம், குறுக்கே சிவப்புக் கோடு. அதை நான் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். காபி டம்ளரை அங்கே வைக்கக் கூடாதாம், கறை படியுமாம். அப்பா எங்களுக்குச் சொல்லிவைத்த விளக்கம் அது.

"ம், மூடியக் கழட்டு."

"மாட்டேன் மாமா."

அத்தான் அப்பாவிடம் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"என்னது?"

"ஆரஞ்சு ஒயர் இருக்குற எடத்துல நான் கை வைக்க மாட்டேன். அதுவும் ஈரம் இருக்குமோன்னு சந்தேகமா இருக்கும்போது."

"பயமா? இல்ல, உள்ள என்ன இருக்கும்னு ஏற்கெனவே தெரியுமா?"

"பயந்தான் மாமா."

மழை நடுவில் வந்தார். "நான் வேணா பாக்கட்டுமா முதலாளி? எங்க வீட்டு மீட்டர் பெட்டியவே நான் கழட்டி மாட்டியிருக்கேன்."

"கழட்டுனே சரி. மாட்டுனதுக்கு அப்புறம் தெருவுக்கே கரண்ட் வரலையே," என்றார் அப்பா.

"அது வேற விஷயம் முதலாளி," என்று சொல்லிக்கொண்டே மழை உள்ளே குனிந்து கையை நீட்டினார். எப்போதும் ஈரமாகவே இருக்கிற கை. அத்தான் பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் கதவில் மோதிக் கீழே சாய்ந்தார்கள்.

"தொடாதீங்கண்ணே! இது வீட்டு கரண்ட் மாதிரி இல்ல. வண்டிய அணைச்சிட்டா செத்துப் போயிடும்னு நெனைக்காதீங்க. உள்ள அப்படியே தேங்கி நிக்கும். இந்தக் கையோட தொட்டீங்கன்னா உங்களத் தூக்கிட்டுப் போகத்தான் ஆள் வரணும்."

மழை தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா அவர் கையைப் பார்க்கவில்லை. அத்தானின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு வெவரம் தெரிஞ்சவன் எதுக்குத் தண்ணி ஊத்துனே?"

"நான் ஊத்தல மாமா."

"அப்ப யாரு?"

அத்தான் வாயைத் திறந்தார். கண்ணைத் தூக்கி நேராக என் ஜன்னலைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார். இவர்தான் என்று நான் அந்த நொடியில் முடிவே செய்துவிட்டேன்.

நான் ஈரத்துண்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். அக்கா கொடியில் துண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். வெயில் கண்ணைக் குத்தியது.

"அத்தான்தானக்கா செஞ்சது?"

அக்கா உதறிக்கொண்டிருந்த துண்டை அப்படியே நிறுத்தினாள்.

"உனக்கும் அப்படித்தான் தோணுதா?"

"அன்னிக்கு எதையாவது பாத்தியான்னு என்கிட்ட வந்து கேட்டாரு. ஒளிஞ்சு ஒளிஞ்சு காத்தடிச்சாரு. இப்ப பெட்டியத் தொறக்க மாட்டேங்குறாரு."

"ஏன் கேட்டாருன்னு தெரியுமா, பூனை?" வீட்டில் எனக்கு அதுதான் பெயர். "நீ பாக்கக் கூடாதுன்னு கேக்கல. பாத்திருக்க மாட்டியான்னு கேட்டாரு."

அப்புறம் அவள் சொன்னாள். எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. அப்பா கொண்டுவந்தது. சீட்டுக்கு ஷாம்பு போட்டதும் வண்டியைக் கிளப்பி, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டுவிட வேண்டும். வண்டிக்காரர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் சீட்டு காய்ந்து, வாடையும் போய்விடும். மற்றக் கொட்டகைகளில் சாயங்காலம் வரை காக்கவைப்பார்கள். எங்களிடம் கூட்டம் வருவதே இதற்காகத்தான். அன்றைக்கு அத்தான் முதல் கை தேய்த்துவிட்டு வாளியில் தண்ணீர் மாற்றப் போயிருக்கிறார். வேலை முடிந்துவிட்டதென்று நினைத்து அப்பா வந்து ஏசியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"பெட்ரோல் வண்டின்னா எஞ்சின் உறுமும், ஆன்ல இருக்குன்னு தெரியும். இது செத்தது மாதிரி நிக்குமாம். அவரு திரும்பி வந்து ரெண்டாவது கை நுரையப் போட்டிருக்காரு. பின்கதவு தொறந்து கெடந்ததால ஏசி காத்தும் தெரியல. சீட்டோரத்துல கொசு மாதிரி ஒரு சத்தம் கேட்டிருக்கு. கைய வச்சா, அந்தச் சல்லடை காத்த இழுக்குதாம். பெரிய பேட்டரி சூடாகாம இருக்க அது வழியாத்தான் காத்து போகுமாம். போட்ட நுரையெல்லாம் உள்ள போயிட்டு இருந்திருக்கு. ஓடிப்போய் அணைச்சிருக்காரு."

"அப்பாகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? என் கொட்டகையில வந்து எனக்கே பாடம் எடுக்குறியான்னு கேப்பாரு. வேற யாராவது பாத்திருந்தா அவங்க வாயால வரட்டும்னு நெனைச்சாரு."

"நான் சொல்றேன்."

"வேணாம்." அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ சும்மா இரு. நாலு பேரு முன்னாடி அப்பா தலைகுனிஞ்சா, அதுக்கப்புறம் நாங்க எந்த மூஞ்சிய வச்சிட்டு இங்க இருக்குறது? அந்தக் கம்பெனிக்காரன் மொட்டையா ஏதாவது சொல்லிட்டுப் போகட்டும். விட்டுடு."

நான் கீழே இறங்கிவந்தேன். அக்கா சொன்னதை நம்ப வேண்டும்போல இருந்தது. ஆனால் புருஷனுக்காகப் பேசுகிற ஒருத்தியின் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. அப்பா ஏசியைப் போடுவதைத் தினமும் பார்க்கிறேன். முன்கதவு வழியாகக் கையை மட்டும் உள்ளே விட்டுச் சாவியைத் திருகிவிட்டுப் போவார். சுவரைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. என் நினைவில் இருப்பது அன்றைக்குப் பார்த்ததா, வேறு ஏதாவது ஒரு நாள் பார்த்ததா?

ஜன்னலில் நின்று அந்தச் சாம்பல் நிறக் காரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பிடிபட்டது. அந்த வண்டிக்குச் சாவித் துவாரம் கிடையாது. பட்டன்தான். பிரேக்கை மிதித்துக்கொண்டு அமுக்கினால்தான் கிளம்பும். கையை மட்டும் உள்ளே விட்டுக் கிளப்ப முடியாது. அன்றைக்கு, மடித்த துண்டுகளை ஜன்னலில் வைக்க நான் எழுந்தபோது, அப்பா முன்சீட்டில் பாதி உட்கார்ந்து ஒரு காலை உள்ளே விட்டிருந்தார். அந்தக் காலின் செருப்பு கழன்று, வெளியே ஈரத் தரையில் குப்புறக் கிடந்தது. வேறு எந்த வண்டிக்கும் அவர் அப்படி உட்கார்ந்ததில்லை.

அக்கா பொய் சொல்லவில்லை.

கம்பெனி ஆள் காலையில் வந்தார். சின்ன வயசுக்காரர், அதிகம் பேசாதவர். டீச்சர் அவருக்கு முன்பே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அந்த ஆள் பெட்டியிலிருந்து முழங்கை வரை வருகிற தடித்த ரப்பர் கையுறைகளை எடுத்தார். ஒவ்வொன்றின் வாயையும் சுருட்டிப் பிடித்து, காற்று வெளியே போகிறதா என்று அமுக்கிப் பார்த்தார்.

"பொறந்தநாள் பலூனா தம்பி?" என்றார் மழை.

"ஊசி ஓட்டை இருந்தாலும் போதும்ணே, பொறந்தநாள் எறந்தநாளாயிடும்."

மழை இரண்டு அடி பின்னால் போனார்.

அவர் பின்பக்கத்திலிருந்து, பெரிய பேட்டரியின் கரண்டைத் துண்டிக்கிற ஒரு கனமான ஆரஞ்சு பிளக்கை உருவி, தன் சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் மாட்டினார். "இது என் பையில இருக்குற வரைக்குந்தான் என் கை உள்ள போகும்" என்றார். உடனே திறக்கவும் இல்லை. உள்ளே தேங்கியிருப்பது இறங்க வேண்டுமென்று காத்திருந்தார். அப்பா தேநீர் வேண்டுமா என்று கேட்டார். இந்தப் பக்கம் எந்தத் தண்ணியும் வேண்டாம் என்றார் அவர். அப்பா சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

கடைசியில் மூடியைத் திறந்தார். சல்லடைக்குப் பின்னால் இருந்த குட்டி ஃபேனைக் கழற்றி வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதன் இறக்கைகளில் வெள்ளையாக ஏதோ படிந்து காய்ந்திருந்தது. பக்கத்துச் செம்பு முனையில் பச்சை பூத்திருந்தது.

"மோந்து பாருங்க மேடம். குளத்துத் தண்ணி வாசமா?"

டீச்சர் குனிந்து முகர்ந்தார். "இல்ல. எலுமிச்சை."

எங்கள் சீட்டு ஷாம்புவுக்கு எலுமிச்சை வாசம். அந்தக் கொட்டகையே அந்த வாசம்தான். மூக்கு உள்ள யாரும் அதற்கு மேல் எதுவும் கேட்கத் தேவையில்லை.

"வெறும் சீட்டுல தண்ணி பட்டா இவ்வளவு தூரம் வராது," என்றார் அந்த ஆள். "ஃபேன் இழுத்திருக்கு. சீட்டு ஈரமா இருக்கும்போது வண்டி ஆன்ல இருந்திருக்கு. யார் ஆன் பண்ணுனது?"

"உள்வேலை பூரா இவன்தான்," என்று அப்பா சட்டென்று அத்தான் பக்கம் கையை நீட்டினார். "எனக்கு அன்னிக்கே சந்தேகம். பெட்டியத் தொறக்க மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னப்பவே தெரியும். மேடம், நீங்க கவலையே படாதீங்க. இவன் இனிமே இங்க இருக்க மாட்டான். போ, மேல போய் மூட்டையக் கட்டு."

அத்தான் அசையவில்லை. அக்கா மேசையில் பில் புத்தகத்தின் முனையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்பதுபோல் கண்ணைக் காட்டினாள்.

என் கால்கள் என்னைக் கேட்காமலேயே துண்டு அறையிலிருந்து வெளியே வந்துவிட்டன.

"நீங்கதானப்பா அமுக்குனீங்க."

எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். இந்த முறை எல்லோரும் திரும்பினார்கள்.

"என்ன சொன்னே?" என்றார் அப்பா.

"பட்டன நீங்கதான் அமுக்குனீங்க. முன்சீட்டுல பாதி உக்காந்து, ஒரு கால உள்ள விட்டு. செருப்பு வெளிய குப்புறக் கெடந்துச்சு."

மழை தலையைச் சொறிந்தார்.

"ஆமா முதலாளி," என்றார் மெதுவாக. "நான்தான் அத எடுத்துத் திருப்பி வச்சேன். தண்ணி ஏறிடும்னு."

அப்பாவின் முகம் கறுத்தது. ஆனால் கொஞ்ச நேரந்தான்.

"அதனால என்ன? சீட்டு காயணும்னு எப்பவும் போடுறதுதானே? எத்தன வண்டிக்குப் போட்டிருக்கேன்." அத்தான் பக்கம் திரும்பினார். "வண்டி ஓடுதுன்னு தெரிஞ்ச உடனே நீ வந்து சொல்லியிருக்கணுமா இல்லையா? வேணும்னேதான் சொல்லாம இருந்திருக்கே. நான் மாட்டணும்னு காத்துட்டு இருந்திருக்கே. எனக்குத் தெரியாதா?"

அத்தான் அப்பாவைப் பார்த்தார். கோபத்தோடு பார்க்கவில்லை. தெரியாத வீட்டின் கதவைத் தட்டிவிட்டவர்போல் நின்றார்.

"யார் அமுக்குனா எனக்கென்ன?" என்றார் டீச்சர். "என் பிள்ளைங்க உள்ள இருக்கும்போது நின்னுச்சு. நீங்கதான் சரி பண்ணித் தரணும்."

"பண்ணிடலாம் மேடம், பண்ணிடலாம்." அப்பாவின் குரல் உடனே குழைந்தது. கம்பெனி ஆளிடம் என்னென்ன மாற்ற வேண்டும் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். பெரிய பேட்டரி தப்பித்திருக்கலாம், ஃபேனும் ஒயரும்தான் போயிருக்கின்றன என்றார் அவர். அப்பா பேச்சோடு பேச்சாகத் திரும்பி, "சரி சரி, போனது போகட்டும். வெளிய அடுத்த வண்டி நிக்குது பாரு, மாப்பிள்ளை. வாளிய எடு" என்றார்.

மூட்டையைக் கட்டச் சொன்னதை அவர் அப்படித்தான் திருப்பி எடுத்துக்கொண்டார். அத்தான் குனிந்து வாளியை எடுத்தார். எனக்கு மூச்சு வந்தது. அக்கா இங்கேயே இருப்பாள்.

அக்கா மேசையிலிருந்து எழுந்து வந்தாள். அத்தான் கையிலிருந்த வாளியை வாங்கினாள். அதில் இருந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றி, வாளியைச் சுவரோரம் கவிழ்த்துவைத்தாள். பிறகு மாடிப்படி ஏறினாள். மேலே அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அப்பா கம்பெனி ஆளிடம் இன்னும் சத்தமாகப் பேசினார். அத்தான் இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் உடுப்பை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு வாசலில் போய் நின்றார்.

அக்கா ஒரு பையோடு இறங்கி வந்தாள்.

"எங்க கெளம்பிட்டே?" என்றார் அப்பா. "பில்லு யார் போடுறது? உன்னத்தான் கேக்குறேன்."

அவள் நிற்கவில்லை. நான் கையில் ஒரு துண்டோடு நடுவில் நின்றிருந்தேன். "அக்கா" என்றேன். மழை குழாயைக் கீழே போட்டுவிட்டு வழிவிட்டார். வழுக்கும் இடங்களைப் பார்த்துப் பார்த்துக் கால்வைத்து அவள் என்னைக் கடந்தாள், வாசலைக் கடந்தாள், அத்தானோடு தெருவில் இறங்கி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனாள்.